தண்ணீர் மேல் போட்ட பழி

போன மாதம் எங்கள் பழைய துறையில் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்றவர்களை வருடத்துக்கு ஒரு தடவை வரவழைத்து, சால்வை போட்டு, வடையும் காபியும் கொடுத்து அனுப்புவது அங்கே வழக்கம். வடை முடிந்ததும் ஓர் ஆராய்ச்சி மாணவி தன் கணினித் திரையைக் காட்டினாள். நடுவில் டி.என்.ஏ. முறுக்கிக்கொண்டு நிற்கிறது. அதைச் சுற்றிச் சிவப்பும் வெள்ளையுமாகக் கணக்கில்லாத புள்ளிகள்.

"இதெல்லாம் தண்ணி மூலக்கூறு மேடம். ஒவ்வொண்ணும் எங்க நிக்குது, எப்ப நகருதுன்னு பார்க்கலாம். இந்தா மெக்னீசியம் வருது பாருங்க, தண்ணி எப்படி ஒதுங்குதுன்னு" என்றாள். அதோடு விட்டாளா? "உங்க காலத்துல தண்ணிய எப்படி மேடம் கணக்குல எடுத்தீங்க?" என்று வேறு கேட்டாள்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. "எங்கம்மா எடுத்தோம்? அதைக் குற்றவாளிக் கூண்டுலல்லவா நிறுத்தி வச்சிருந்தோம்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். அது பாதிப் பதில். மீதியை அந்தத் துறையில் யாரிடமும் இதுவரை சொன்னதில்லை. சொல்ல வேண்டிய இரண்டு பேரில் ஒருவரிடம்தான் சொல்லமுடிந்தது.

எனக்கு மதுரையில் பழங்காநத்தம். அப்பா மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியார். நான் வேதியியல் முடித்துவிட்டு எழுபதுகளின் தொடக்கத்தில் பேராசிரியர் அருளப்பனின் ஆய்வகத்தில் தொழில்நுட்ப உதவியாளராகச் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம் கண்ணாடி கழுவினேன். வேறென்ன பயிற்சி என்று கேட்டால், தண்ணீரைக் கொதிக்கவிட்டு ஆவியைப் பிடித்துச் சுத்தமாக வடித்தேன். சும்மா சொல்லக்கூடாது, இரண்டையும் ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன்.

மதுரைக்காரர்களுக்கு உப்புத் தண்ணீரைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. எங்கள் வளாகத்து போர்வெல் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. வடிக்கும் குடுவைக்குள் ஒரு வாரத்தில் வெள்ளையாகப் படை கட்டிவிடும். சுண்ணாம்பும் மெக்னீசியமும்தான். எங்கள் ஆராய்ச்சியே டி.என்.ஏ.யில் எவ்வளவு மெக்னீசியம் ஒட்டுகிறது என்று அளப்பது. குழாயில் வருகிற தண்ணீரிலேயே மெக்னீசியம் இருந்தால் எதை நம்புவது? அதனால் தண்ணீரை ஒரு தடவை, மறு தடவை, அதற்கு மேலும் ஒரு தடவை வடிப்போம். யாருடைய அளவாவது கோணலாக வந்தால் சார் சொல்லும் முதல் வார்த்தை, "தண்ணியச் சந்தேகப்படுங்க தம்பி" என்பதுதான். பத்துக்கு ஒன்பது தடவை அவர் சொன்னது சரியாகவும் இருக்கும். பத்தாவது தடவைதான் என் மனசில் முள்ளாகக் கிடக்கிறது.

சாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். திருநகரில் வீடு. முழுக்கை வெள்ளைச் சட்டை, மணிக்கட்டுப் பொத்தானை எந்த வெயிலிலும் கழற்றமாட்டார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நான் சேர்ந்த புதிதில் ஒரு புரோமின் சீசா மேசையில் உடைந்து அறை முழுக்கச் செம்புகை கிளம்பியது. உள்ளே இரண்டு மாணவர்கள். சார் எங்களை எல்லாம் வெளியே தள்ளிவிட்டு, கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே போய் இருவரையும் இழுத்து வந்தார். அப்புறம் கொஞ்ச நாள் லீவில் இருந்தார். திரும்பி வந்தவர் அதைப் பற்றி ஒரு பேச்சும் பேசவில்லை. கேட்டால், "ஜலதோஷம்மா, வேறொண்ணும் இல்ல" என்று முடித்துவிட்டார்.

அவருக்கு ஒரு பழக்கம். எந்தக் குடுவையைத் திறந்தாலும் முதலில் குனிந்து மோந்து பார்ப்பார். எங்களுக்கும் அதையே சொல்லிக்கொடுத்தார். "கண்ணு ஏமாத்தும், மூக்கு ஏமாத்தாது" என்பார். மோந்து பார்த்துவிட்டு நிமிர்ந்து, பக்கத்தில் நிற்கிற மாணவனின் முகத்தை ஒரு கணம் உற்றுப் பார்ப்பார். அப்புறம்தான் அடுத்த வேலை. அந்தப் பார்வையைக் கண்டாலே எங்களுக்குக் கதிகலங்கும். 'நீ ஒழுங்காச் செஞ்சியா?' என்று கேட்கிற மாதிரி இருக்கும். அதற்கு 'விசாரணை' என்று பெயரே வைத்திருந்தோம்.

அப்புறம்தான் பாண்டி வந்தான். திருமங்கலத்துக்கு மேற்கே ஒரு கிராமம், அப்பாவுக்குப் பருத்திக் காடு. அந்தக் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். என்னிடம் வாய் ஓயாது பேசுவான். "எஸ்தரக்கா, நீங்க வடிக்கிற தண்ணிக்கு எங்க ஊருல கோயில் கட்டிருவாங்க" என்று கிண்டலடிப்பான். சார் வந்து நின்றால் மட்டும் முகம் மரக்கட்டையாகிவிடும். சார் கையில் பியூரெட், அதாவது சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கிற கண்ணாடிக் குழாய், இருக்கும்போது அறையில் யாரும் பேசக்கூடாது என்பது எங்கள் ஆய்வகத்தின் எழுதாத சட்டம். பாண்டி அப்போது மூச்சுகூட மெதுவாகத்தான் விடுவான்.

அவன் செய்த சோதனையைச் சொல்லிவிடுகிறேன், கஷ்டமொன்றும் இல்லை. ஒரு மெல்லிய சவ்வுப் பையில் டி.என்.ஏ. கரைசல். அந்தப் பையை மெக்னீசியம் உப்புக் கரைத்த பெரிய ஜாடிக்குள் மூழ்கவிட்டு மூடி வைப்போம். டி.என்.ஏ. பையை விட்டு வெளியே வராது, மெக்னீசியம் உள்ளே போகும். சில நாள் கழித்து உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு என்று அளந்தால் டி.என்.ஏ. எவ்வளவைப் பிடித்து வைத்திருக்கிறது என்று தெரிந்துவிடும். அளப்பது சொட்டுச் சொட்டாக. கரைசல் ஒயின் சிவப்பாக இருக்கும், பியூரெட்டிலிருந்து சொட்டு விழ விழ ஊதாவாகி, கடைசிச் சொட்டில் சுத்த நீலமாகும். அந்தக் கடைசிச் சொட்டைப் பிடிப்பதில் சாரை மிஞ்ச ஆளில்லை.

சாருடைய பெயர் ஒரு சமன்பாட்டில் நின்றது. டி.என்.ஏ.க்கு எதிர் மின்னூட்டம், மெக்னீசியத்துக்கு நேர் மின்னூட்டம். இரண்டுக்கும் நடுவிலுள்ள திரவம் அந்த இழுப்பை எவ்வளவு தளர்த்துகிறது என்பதற்கு ஒரே ஓர் எண். அந்த எண் தெரிந்தால் போதும், திரவம் எதுவாக இருந்தால் என்ன என்பது அவர் கட்சி. பாண்டி ஒரு ஜாடித் தண்ணீரில் மெதனால் என்கிற சாராயத்தையும் இன்னொரு ஜாடித் தண்ணீரில் கிளைக்கால் என்கிற கெட்டித் திரவத்தையும் கலந்தான். இரண்டு கலவைக்கும் அந்த எண் ஒன்றாகவே வரும்படி அளவைச் சரிசெய்தான். சார் கணக்குப்படி இரண்டிலும் ஒட்டுகிற மெக்னீசியம் ஒன்றாக இருக்கவேண்டும். இருக்கவில்லை. மெதனால் ஜாடியில் ஏகத்துக்கும் அதிகம்.

"தண்ணியச் சந்தேகப்படுங்க தம்பி" என்றார் சார்.

மறுபடி வடித்தேன். மறுபடி அதே வித்தியாசம். மெதனாலை வடித்தோம், கிளைக்காலை வடித்தோம், சவ்வைக் கொதிக்கவைத்தோம். வித்தியாசம் அசையவில்லை. ஒரு மத்தியானம் பாண்டி என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தான்.

"அக்கா, தண்ணி அழுக்கா இருந்தா ரெண்டு ஜாடியிலயும்ல தப்பு வரணும்? ஒரே தண்ணியத்தான ஊத்துறோம்?"

"சரிதாம்ப்பா. அப்ப எதால வருது?"

"தண்ணியாலதான். ஆனா அழுக்கால இல்ல. மெக்னீசியம் சும்மா வரலக்கா, தண்ணிய மேல போர்த்திக்கிட்டு வருது. டி.என்.ஏ.யும் தண்ணியப் போர்த்திக்கிட்டுத்தான் நிக்குது. கல்யாண வீட்டுல ரெண்டு சம்பந்தியும் கைய நீட்டுறாங்கன்னு வைங்க, நடுவுல நிக்கிற சொந்தக்காரன் ஒதுங்குனாத்தான கை சேரும்? கிளைக்கால் ஊத்துனா அந்த ஆளு ஒரு மாதிரி ஒதுங்குறான், மெதனால் ஊத்துனா வேற மாதிரி ஒதுங்குறான். நம்ம என்னமோ ரெண்டு சம்பந்தியத்தான் எண்ணிக்கிட்டு இருக்கோம். நடுவுல நிக்கிறவன யாரும் எண்ணல."

"இதைச் சார்கிட்டச் சொன்னியா?" என்றேன்.

"சொல்லத்தான் போனேன். வாய் வரலக்கா" என்றான்.

நான்தான் போய்ச் சாரிடம் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன், இல்லை. "யோசனை அழகா இருக்கு எஸ்தர். அழகா இருக்குங்கிறதுக்காக நம்பிற முடியாது. நானே என் கையால அளந்து பார்க்கிறேன். வித்தியாசம் நின்னுச்சுன்னா என் சமன்பாடு தப்புன்னு நானே எழுதி, பாண்டி பேரை முதல்ல போட்டு அனுப்புறேன். நிக்கலைன்னா அவன் வேற வேலை தொடங்கட்டும்" என்றார். பாண்டிக்கு உதவித்தொகை முடியப் போகிற நேரம். வேறு வேலை தொடங்குவது என்றால் அவன் ஊருக்குத் திரும்புவது என்று அர்த்தம். அது அவருக்கும் தெரியும்.

சார் கையால் என்றால் சார் முறையில். எல்லாக் கண்ணாடியும் நைட்ரிக் அமிலத்தில் ஊறவேண்டும். ஜாடி மூடியின் விளிம்பில் நாங்கள் தடவுகிற கிரீஸைக்கூட வேண்டாம் என்றுவிட்டார். "அந்தக் கிரீஸ்ல என்ன உலோகம் இருக்குன்னு யாரு கண்டா? தேய்ச்ச கண்ணாடி மூடி, அதுவே போதும்."

பாண்டி மட்டும் தயங்கித் தயங்கி, "சார், கிரீஸ் இல்லாட்டி மூடி சரியா உக்காராது" என்றான். சார் அவனைப் பார்த்தார். அவ்வளவுதான், அவன் வாய் மூடிக்கொண்டது. ஜாடிகளை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியைச் சாரே எடுத்துக்கொண்டார். யாரும் தொடவில்லை என்று நாளைக்கு நெஞ்சில் கைவைத்துச் சொல்லவேண்டும், அதற்காகத்தான். சித்திரை வெயில். அந்த அறையில் விசிறிகூடக் கிடையாது.

அளக்கிற அன்று நான் அடுத்த அறையில் தண்ணீர் வடிவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். குழாயில் தண்ணீர் விட்டு விட்டு வந்ததால் குடுவையை விட்டு நகரமுடியவில்லை. சாரும் பாண்டியும்தான் உள்ளே. வெகுநேரம் சத்தமே இல்லை. கதவு திறந்தபோது முதலில் பாண்டி வந்தான். என்னைப் பார்க்காமல் கடந்து போனான்.

சார் பின்னால் வந்து, "ஒண்ணும் இல்ல எஸ்தர். ரெண்டு ஜாடியும் ஒண்ணுதான்" என்றார். ஜெயித்தவர் முகம் மாதிரி இல்லை. சமன்பாடு பிழைத்துவிட்டதில் அவருக்குச் சந்தோஷம் இருந்ததாகவே எனக்குத் தோன்றவில்லை.

ஜாடிகளைக் கழுவ எடுத்தபோதுதான் எனக்கு உறைத்தது. கிளைக்கால் ஜாடியில் வைத்த மட்டம் வைத்தபடி இருந்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான் தெரிந்தது, மெதனால் ஜாடியில் மட்டம் இறங்கியிருந்தது. வழக்கமாக மெதனால் ஜாடியைக் கழுவும்போது குப்பென்று ஒரு வாடை மூக்கில் ஏறும், தலை கிறுகிறுக்கும். அன்றைக்கு ஒரு வாடையும் இல்லை. கிரீஸ் இல்லாத மூடி வழியாக அத்தனை நாள் வெக்கையில் மெதனால் பறந்துபோயிருந்தது. அதிகமாக ஒட்டவைத்த மெதனாலே போன பிறகு வித்தியாசம் எங்கே இருக்கும்? அழுக்குக்குப் பயந்து பயந்து, கடைசியில் அளக்கவேண்டியதையே துடைத்து எறிந்துவிட்டோம். என் தலையில் நானே அடித்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் சார் வந்ததும் வராததுமாகச் சொன்னேன். மனிதர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"மெதனால் போயிருச்சா? பாண்டி என் பக்கத்துலதான நின்னான்? அவன் முகத்துல ஒண்ணும் தெரியலையே" என்றார்.

இது என்ன பேச்சு என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. அவரே தொடர்ந்து, "அவனை வரச் சொல்லும்மா. கிரீஸ் தடவி மறுபடி வைப்போம். உதவித்தொகைக்கு நான் பேசுறேன்" என்றார்.

பாண்டி அதற்குள் விடுதி அறையைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தான். திருமங்கலத்தில் அவன் மாமா உரக்கடை வைத்திருந்தார். அங்கே போய்ப் பிடித்தேன். மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தான்.

"வாப்பா, மறுபடி செய்வோம். மெதனால் பறந்துபோச்சு, அதான் விசயம். சாரே உன்னைக் கூப்பிட்டு வரச் சொன்னாரு."

"எனக்குத் தெரியும்க்கா" என்றான்.

"என்ன தெரியும்?"

"மெதனால் போனது. சார் மூடியத் தொறந்த நிமிசமே தெரிஞ்சுபோச்சு. வாடையே வரல. சாரும் குனிஞ்சு மோந்து பாத்தாருக்கா. மோந்துட்டு நிமிந்து என்னையப் பாத்தாரு. இம்புட்டு நேரம் பாத்தாரு. அப்புறம் பேசாம பியூரெட்ட எடுத்துட்டாரு."

"அதுக்கு?"

"அதுக்கென்னவா? மோந்து பாக்கச் சொல்லிக் குடுத்ததே அவருதான? அவருக்குத் தெரியாதா? வாயத் தொறக்காதடான்னு கண்ணாலயே சொல்லிட்டாரு. அவரு கணக்கு பொழைக்கணும், அம்புட்டுதான். தோத்திருந்தாக்கூட இருந்துருப்பேன். இதுக்கு மேல அந்த வாசல்ல வந்து எப்படிக்கா நிப்பேன்?"

"சார் அப்படிப்பட்ட மனுசன் இல்லடா!"

"நானும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றான். கண் கலங்கியிருந்தது. கெஞ்சினேன், திட்டினேன், எருமை என்றேன், கழுதை என்றேன். அசையவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கே குழப்பம். சார் நல்லவர்தான். ஆனால் வாடை இல்லாததைக் கண்டும் ஏன் அளந்தார்? அவன் சொன்னதை அவரிடம் போய் எந்த வாயால் சொல்வது? 'நீங்கள் தெரிந்தே ஏமாற்றினீர்கள் என்கிறான்' என்று அந்த மனிதரின் முகத்துக்கு நேரே சொல்லமுடியுமா? "வரமாட்டேங்கிறான் சார்" என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

"கோபமா?" என்று கேட்டார்.

"ஆமா சார்."

"நியாயம்தான்" என்றார். அதற்கப்புறம் அந்தச் சோதனையை வேறு யாரையும் செய்யவிடவில்லை. நானே ஒரு தடவை கேட்டேன். "அது பாண்டியோடதும்மா. அவன் வந்து செய்யட்டும்" என்றார். அவன் வரவில்லை. தன் சமன்பாட்டை வைத்து அவரும் புதிதாக எதையும் எழுதவில்லை. கொஞ்ச வருடங்களில் நூலகத்துக்கு வருகிற சஞ்சிகைகளில் பாண்டி சொன்ன மாதிரியே தண்ணீரைப் பற்றிய பேச்சு அங்கங்கே தலைகாட்ட ஆரம்பித்தது. அப்படி ஏதாவது வந்தால் சார் அந்தப் பக்கத்தைத் திறந்து என் மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் போவார்.

எண்பதுகளின் கடைசியில் சார் இறந்துபோனார். அடக்கமெல்லாம் முடிந்து சில நாள் கழித்து அவர் மனைவியைப் பார்க்கத் திருநகர் போனேன். அந்த அம்மாவும் பள்ளிக்கூட ஆசிரியை, நாங்கள் டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். எனக்குக் காபி போட அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். சாரைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்ததில் பால் இருவருக்கும் மறந்துபோனது. தீய்ந்த வாடை வந்ததும், "டீச்சர், பால்!" என்று நான் எழுந்தேன்.

ஓடிப்போய் அணைத்துவிட்டு வந்தவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "அவரு அடுப்புக்கு எதிர்லயே உக்காந்து பேப்பர் படிப்பாரும்மா. பால் தீஞ்சு கருகினாலும் தெரியாது. நான் ஓடி வர்ற முகத்தைப் பாத்துட்டுத்தான் 'என்ன தீயுதா?'ன்னு கேப்பாரு."

"ஏன் டீச்சர்?"

"உங்களுக்குத் தெரியாதுல்ல, யாருக்குமே சொல்லல. அந்தப் புரோமின் சீசா உடைஞ்சதுல மூக்கு போனதுதான். ஒரு வாடையும் தெரியாது. டாக்டர் கையை விரிச்சுட்டாரு. வெளிய சொல்லாதன்னு என்கிட்டச் சத்தியம் வாங்கிட்டாரு. வாடை தெரியாத கெமிஸ்ட்ட எவன் லேபுக்குள்ள விடுவான், அந்த ரெண்டு பிள்ளைகளுக்கும் தெரிஞ்சா மனசு கஷ்டப்படும்னு சொல்லுவாரு. நான் கேப்பேன், பின்ன எப்படிச் சமாளிக்கிறீங்கன்னு. 'பிள்ளைக முகத்தைப் பாப்பேன் ரெஜினா. வாடை சரியில்லைன்னா அதுக முகம் காட்டிக் குடுத்துரும்'பாரு."

அத்தனை வருடம் நாங்கள் 'விசாரணை' என்று பயந்த பார்வை அது. 'அவன் முகத்துல ஒண்ணும் தெரியலையே' என்று அவர் அன்றைக்குச் சொன்னாரே! சார் முன்னால் நின்றால் மரக்கட்டையாகிவிடுகிற முகம் பாண்டிக்கு. அந்த முகத்தில்போய் அவர் தேடியிருக்கிறார். அடக் கடவுளே, யாராவது ஒருத்தர் வாயைத் திறந்திருந்தால்!

டீச்சரிடம் விடைபெற்று வெளியே வந்தேன். பழங்காநத்தத்து வீட்டுக்குப் பஸ் பிடிக்க இந்தப் பக்கம் நிற்கவேண்டும். ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்த் திருமங்கலம் பஸ்ஸில் ஏறினேன்.

கடை இப்போது பாண்டியுடையது. தலையில் பாதி நரைத்திருந்தது. "வாங்கக்கா, வாங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டான். சார் போய்விட்ட செய்தி அவனுக்கு வந்திருந்தது. "அடக்கத்துக்கு வரணும்னு நெனச்சேன். கால் வரலக்கா" என்றான். நான் உட்காராமலே புரோமின் சீசாவிலிருந்து டீச்சர் சொன்னது வரைக்கும் சொல்லி முடித்தேன். அவன் கையிலிருந்த தராசுத் தட்டைக் கீழே வைத்தான்.

"அப்ப அன்னைக்கு அவருக்கு வாடை இல்லைங்கிறது தெரியாதா?"

"தெரியாதுப்பா."

"என்னைய மெரட்டலையா?"

"இல்லப்பா."

யாரோ வந்து யூரியா கேட்டார், அவன் காதில் விழவில்லை. பிறகு அப்படியே ஒரு மூட்டை மேல் உட்கார்ந்தான்.

"என்கிட்டக் கேட்டுருக்காருக்கா. சரியா இருக்கான்னு என்கிட்டத்தான் கேட்டுருக்காரு. நான் பதிலே சொல்லாம நின்னுட்டேனே!"